திரைக்கு வெளியே போன ஐந்து சைக்கிள்கள்

அந்த வாரம் ஜோசப் ராஜால் கடையில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளத்தூருக்கு அனுப்பிய மூன்று கேசட்டும் திரும்பி வந்துவிட்டன. படம் பாதிதான் தெரிகிறது என்று புகார்.

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர் அவர். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவர். டூரிங் கொட்டகை ஒன்றை மூடியபோது வாங்கிய பழைய புரொஜக்டரில் படத்தை வெள்ளைப் பலகைமேல் ஓட்டி, எதிரே வீடியோ கேமராவை நிறுத்திப் பிடித்து, பிலிமைக் கேசட்டாக்கித் தருவார். படம் விட்டுவிட்டு மினுங்காமலிருக்க, மோட்டார் வேகத்தை விரல்நுனியால் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார்.

1995இல் அவர் கைக்கு ஒரு டாக்குமெண்டரி வந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் சைக்கிள் பழகியதை, மூன்று வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒரு குழு அகலத் திரைக்கான சினிமாஸ்கோப்பில் எடுத்திருந்தது. டிவியோ ஏறக்குறையச் சதுரம். முழுப்படமும் தெரிய வேண்டுமானால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும். டிவி நிறைய வேண்டுமானால் பக்கங்கள் வெட்டுப்படும். ஜோசப் ராஜ் அந்த மூன்று கேசட்டிலும் முழுப்படத்தைக் கொடுத்திருந்தார்.

கேசட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்த முத்தழகு, பள்ளத்தூர் மாதர் மன்றச் செயலாளர்.

"அண்ணே, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குன்னு பொம்பளைக சொல்லுறாக."

"அது கோளாறு இல்ல தங்கச்சி. முழுப்படம்னா அப்படித்தான் வரும்."

"எங்க மெக்கானிக் டிவிக்குப் பின்னாடி ஒரு திருகைத் திருப்பிப் படத்தை இழுத்துவிட்டாரு. பட்டை போயிருச்சு. இப்ப நாங்க எல்லாரும் பனைமரமா நிக்கிறோம். சக்கரம் முட்டை மாதிரி உருளுது. நியூஸ் வாசிக்கிற பொண்ணுக்குக் கழுத்து ஒரு முழம்."

உள்ளே இருந்த ஜோசப் ராஜின் மனைவி ஜெரினா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மன்றத்துல படம் போடணும். டிவி நிறையத் தாங்க. இல்லாட்டி மதுரையில குடுத்துக்கிறோம்."

வேறு வழியில்லாமல் கேமராவைப் பலகைக்கு நாலடி கிட்டே நகர்த்தினார். கண்மாய்க்கரையில் ஒன்பது பெண்கள் வரிசையாகச் சைக்கிள் ஓட்டிப் போகும் காட்சி வந்தது. நாலு பேர்தான் அடங்கினார்கள். இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத்தில் ஐந்து பேர் போனார்கள். நடுவே வைத்தால் இரண்டு பக்கமும் போனார்கள். யாரை விடுவது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பதினோரு தடவை ஓட்டினார். காபி ஆறிப்போனது. கடைசியில் முகம் தெளிவாக இருந்த இடப்பக்க நாலு பேரை வைத்துக்கொண்டார். வைத்த பிறகும் மனசு ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பொன்னுத்தாயி வந்தாள். படத்தின் கடைசிக் காட்சி அவளுடையது. அவள் ஓட்ட, புருஷன் இராமு பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

"டிவி நிறைய எடுக்குறீகளாமே. எங்க வீட்டுக்காரரை வெளிய தள்ளிருங்கண்ணே. இவளுக்கு நான் புடிச்சாத்தான் சைக்கிள் ஓடும்னு மூணு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"தள்ளியாச்சும்மா. பாருங்க."

ஓட்டிக் காட்டினார். திரை நிறையப் பொன்னுத்தாயி மட்டும் ஓட்டிப் போனாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் சுண்டியது.

"ஆளு தெரியலை. ஆனா அவரு கையை விட்டதும் தெரியலையே. இன்னும் பின்னாடி புடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியேல்ல இருக்கு?"

ஜோசப் ராஜ் கேமராவை நாலடி பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினார். பட்டைகள் விழுந்தன. இப்போது இராமுவும் இருந்தார்: பத்தடி ஓடினார், மூச்சு வாங்கியது, கேரியரை விட்டார், இடுப்பில் கைவைத்து நின்றார். பொன்னுத்தாயி போய்க்கொண்டே இருந்தாள். படத்தின் இந்த ஓரத்தில் அவர், அந்த ஓரத்தில் அவள், நடுவில் வெறும் ரோடு.

"இதுதாண்ணே வேணும். பட்டை இருந்துட்டுப் போகுது."

முத்தழகு எளிதில் இறங்கி வரவில்லை. கடைசியில், மற்றதெல்லாம் டிவி நிறைய, அந்த ஒரு காட்சி மட்டும் முழுசாக என்று ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலை பள்ளத்தூர் மன்றத்தில் அறுபது பேர் இருந்தார்கள். ஜோசப் ராஜ் உட்காராமல் கதவோரம் நின்றார். கடைசிக் காட்சியில் பட்டை விழுந்ததும், "கேசட் டெக்கு போச்சு" என்றார் யாரோ. பொன்னுத்தாயி எழுந்தாள்.

"டெக்கு நல்லாத்தான் இருக்கு. கேரியரைப் பாருங்க. இப்ப யாரு புடிச்சிருக்கா?"

கூட்டம் திரும்பி இராமுவைப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கேமராக்காரன் அம்புட்டுத் தூரம் போயி எதுக்கு எடுத்தான்?"

சிரிப்பு அடங்க நேரமானது. ஜோசப் ராஜ் கேசட்டை எடுக்கப் போனபோது, முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி கூப்பிட்டாள்.

"அண்ணே, கண்மாய்க்கரையில நாங்க ஒம்பது பேரு போனோம். நான் எங்க?"

அவருக்கு அடையாளம் தெரிந்தது. பச்சைச் சேலை, வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது சைக்கிள். பதினோரு தடவை பார்த்த முகம்.

"வலப்பக்கம் இருக்கீக. திரைக்கு வெளிய."

"வெளியன்னா?"

திங்கட்கிழமை காலை, கல்யாண வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு, பிலிமை முதலிலிருந்து சுற்றினார். கேமரா ஸ்டாண்டை நாலடி பின்னால் வைத்தார்.

"மறுபடியும் பட்டையா? அந்த முத்தழகு ஒத்துக்குவாளா?" என்றாள் ஜெரினா.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு, மோட்டாரில் விரலை வைத்தார்.