பிரிக்காத வண்டி

அப்பா பேயாண்டி, அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். இடமில்லாத வண்டியிலும் இன்னொருவரை ஏற்றிக்கொள்வார். "மூச்ச இழுத்துக்கங்கண்ணே, பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்ததும் விட்டுக்கலாம்" என்பார். பழைய வண்டி வாங்கப் போனால் அவருடைய முதல் கேள்வி, "இன்ஜின் பிரிச்சதா?" பிரித்துப் பூட்டிய இன்ஜின் பழையபடி ஓடாது என்பது அவர் கட்சி. கழித்துக்கட்டும் வண்டிக்கு அவர்கள் ஸ்டாண்டில் 'கண்டம்' என்று பெயர்.

2006இல் அவர் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லிக்குக் குறையவில்லை. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுக்கட்டி தெரிந்தது.

"வயித்தப் பிரிக்க வேணாம் டாக்டர். ஓட்ட போட்டு எடுக்குறாகளாமே, அப்பிடி எடுங்க" என்றார் அப்பா.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். எந்த வழியில் போனாலும் உள்ளே வெட்டி இணைக்கும் வேலை ஒன்றுதான். துளை வழி என்றால் காயம் சிறிது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் இந்தக் கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது. திறந்து செய்வதே பத்திரம்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட கட்டுரைகளை வாசித்திருந்தேன். காயத்தின் அளவு முக்கியமில்லை, கட்டி முழுதாக வெளியே வர வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஏத்தா, நீ இன்ஜினியரு. நான்ல வண்டி!"

"பிரிக்காத வண்டின்னு எம்புட்டுக்கு விக்கப் போறீக?" என்று வைதாள் அம்மா.

முதலில் சிறு துளையில் கேமரா விட்டுப் பார்ப்பது, பரவாமல் இருந்தால் மட்டும் திறப்பது என்று முடிவானது. அதற்கு அப்பா தலையாட்டினார்.

திறந்தால் மாலை வரை ஆகும் என்றிருந்தார்கள். மாலை வரை ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். வாங்கி வந்த காபி ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஈரல் மேல் வெள்ளைப் புள்ளிகள். திறக்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அப்பா வயிற்றைத் தடவிப் பார்த்தார். சின்னச் சின்ன பிளாஸ்திரிகள். முகம் மலர்ந்தது.

"பிரிக்கலேல்ல?"

"பிரிக்கலப்பா."

"ஓட்டையிலயே முடிச்சுட்டாகளா?"

அம்மா என் கையை அழுத்தினாள். ஆனாலும் சொன்னேன். "எடுக்கலப்பா. பரவிருச்சு."

வயிற்றிலிருந்து கையை எடுத்தார். "அப்ப கண்டம்னு சொல்லு."

தைப்பொங்கலைப் பார்க்க அவர் இல்லை.

ஆட்டோவை வாங்க வண்டியூரிலிருந்து மருது என்பவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்ஜின் பிரிச்சதாம்மா?"

"பிரிக்கல" என்றேன்.

"அப்ப நல்ல வண்டிதேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.