கிணற்றை எடுக்க மாட்டேன்

நான் உருவாக்கிய திகில் கேமின் முன்னோட்டத்தை இணையத்தில் போட்டதும், வெளிநாட்டு கேம் ஒன்றைக் காப்பியடித்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள். இரண்டிலும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்தான். இரண்டிலும் ஒரு பெண் கிணற்றுக்குள் இறங்குகிறாள்.

கேமுக்கு ஒலி அமைத்த என் தங்கை பயந்துவிட்டாள். "கிணத்த எடுத்துடுக்கா. பங்களா வெச்சிட்டா பேஜாரே இல்ல."

"கோடு போடறது அந்த கேமப் பாத்துக் கத்துக்கினதுதான், ஒத்துக்கறேன். ஆனா கிணறு மானாம்பதில நம்ம கொல்லையில கீது. பத்து வயசுல அதுல வியுந்து, மோட்டார் பைப்பக் கட்டிக்கினு தொங்கனேன். அந்த பயத்த யார்கிட்டடி காப்பியடிச்சேன்?"

அன்றே முதல் திரையில் அந்த வெளிநாட்டு கேமுக்குப் பெயர் சொல்லி நன்றி போட்டேன். கிணற்றை இன்னும் ஆழமாக்கினேன். திட்டுகிறவர்கள் இன்னும் திட்டுகிறார்கள். நான் அடுத்த காட்சியை வரைந்துகொண்டிருக்கிறேன்.