புறா பாடிய பாதி

ஆஸ்வால்ட் பெனன்ட் என்று கேட்டால் எங்கள் தீவின் கிரீனிச் ஃபார்ம் கடற்கரையில் யாருக்கும் தெரியாது. புறா என்றால்தான் தெரியும். அந்த மேல்குரலுக்காக மீசை முளைக்கும் முன்பே வந்த பெயர். 1968இல் அவரும் மீன்பிடிக் கூட்டாளி டெல்மார் ஸ்பென்ஸும், நான் ஒலிப்பதிவு பார்த்த ஸ்டுடியோவில் பாடிய படகுப் பாட்டு லண்டன்வரை போனது. டெல்மார் மெட்டைப் பாடுவார். புறா அதற்கு மேலே இன்னொரு மெட்டாக ஒட்டிப் பாடுவார். கடைசிவரை அப்படித்தான். ரெகே பாட்டுக்கு ஆள் இல்லாத வருடங்களில் இருவரும் கம்பிவலையில் மீன்கூடு பின்னிப் பிழைத்தார்கள்.

2013 மார்ச்சில் டெல்மார் இறந்தார். ஆகஸ்டில், எங்கள் தீவின் சுதந்திர தினத்தை ஒட்டி, மூத்த பாடகர்களின் கச்சேரி. அதை நடத்தும் கார்வெல் தேடி வந்தார்.

"நீங்க ஒருத்தரே பாடிடுங்க அங்கிள். சனம் அந்தப் பாட்டைத்தான் கேக்குது."

புறா ஒப்புக்கொண்டார். இதில் தேறிவிட்டால்தான் இனி எந்த மேடையும் அவரைக் கூப்பிடும்.

ஒத்திகையில் வாயைத் திறந்தால் மேல்மெட்டுதான் வந்தது. பேஸ் கிட்டார் வாசிக்கும் இனிஸ் கத்தினார்: "யோவ் புறா, கீழ இறங்குய்யா! கூரையிலயே குந்திக்கிட்டிருக்க!"

"இறங்குனா அங்க டெல்மார் நிக்கிறான்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவி வெரோனா மீன் பொரித்தபடியே திட்டினாள். "துணி துவைக்கிறப்ப நானே முழுசாப் பாடுறேன். உனக்கு வரலையாக்கும்!"

"அப்ப நீயே மேடைக்கு வா."

"வந்தா எங்க சர்ச்சுல என்னைச் சேப்பாங்களா? அந்தக் கூத்தெல்லாம் உன் சடைமுடி ராஸ்தாக்காரங்களோட வச்சுக்க."

மறுநாள் என்னிடம் வந்தார். "பழைய டேப்புல டெல்மார் குரலை மட்டும் பிரிச்சுக் குடுப்பா. அவன் ஓடட்டும், நான் கூடச் சேந்துக்கிறேன்."

டேப் இருந்தது. ஆனால் அன்று ஸ்டுடியோவில் பாடகர்களுக்கு ஒரே மைக். இருவரும் தோளை இடித்துக்கொண்டு பாடியது.

"அப்ப என்னை அழிச்சிடு."

"உன்னை அழிச்சா அவனும் சேந்து போயிடுவான், புறா."

கச்சேரியன்று வெள்ளைக் கோட்டு போட்டு வந்தார். முன்னிசை கேட்டதுமே கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் பாடத் தொடங்கினார். ஆரவாரம் அடங்கியது.

"தாத்தா வேற பாட்டுப் பாடுறாரு!"

"யாராவது மெட்டை எடுத்துக் குடுங்கப்பா!"

கையைத் தூக்கி வாத்தியங்களை நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் மேல்மெட்டுதான். இந்த முறை நிறுத்தவில்லை. மைக்கின் இடது பக்கம் நகர்ந்து, ஓர் ஆள் நிற்க இடம் விட்டுப் பாடினார். டெல்மார் தனியாகப் பாடும் வரிகள் வந்தபோது வாயை மூடிக் காத்திருந்தார். கேலி கூடிக்கொண்டே போனது. முடிவுவரை பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

கிழவருக்குத் தன் பாட்டே மறந்துவிட்டது என்று மறுநாள் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அது தவறு. அன்றும் ஒலியைப் பார்த்துக்கொண்டு, ஒலிப்பலகை அருகே நின்று கேட்டவன் நான். புறா ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. மறு வருடக் கச்சேரிக்கு அவரைக் கூப்பிடவில்லை.