பூங்கொடி சொன்ன பவளமதி

எங்கள் கம்பெனியில் பூங்கொடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘ஆனந்த் கட்டிக்கப்போற பொண்ணு’ என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். ஆனந்த் அவளுடைய மாமன் மகன், மெயின்டனன்ஸில் இருந்தான். நல்ல பையன்தான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு முதலில் வந்தவள் அவள். அவள் சொல்லித்தான் அவனுக்கு வேலையே கிடைத்தது. அவளை அவன் பேரால் அடையாளம் சொல்வதில் எனக்கு எரிச்சல் உண்டு. அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. புதிதாக ஆரம்பிக்கப்போகும் லைனுக்கு லீடராக வேண்டும். அதற்காக மாடாக உழைத்தாள்.

காருக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் மாட்டிக் கட்டுவது எங்கள் வேலை. 2005இல் டிவியில் திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஒரு மாயாஜாலத் தொடர் ஓடியது. மந்திரக் கோட்டை, அதைக் காக்கும் பூதம், பேசும் கழுகு, இளவரசன் வீரகேது, அவன் காதலி பவளமதி. சூளகிரிக்கும் வேப்பனப்பள்ளிக்கும் பஸ்ஸில் போகிற நாங்கள் வீடு சேர்வதற்குள் அது முடிந்துவிடும். பூங்கொடியின் ரூம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்காரம்மாவின் டிவியில் பார்த்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் சொல்வாள். கதைக்காகவே அந்தச் சாம்பாரைப் பொறுத்துக்கொண்டோம்.

அவள் சொல்கிற பவளமதி லேசுப்பட்டவள் இல்லை. கோட்டைக் கதவில் ஏகப்பட்ட கயிறுகள் தொங்கும், ஒன்றை மாற்றி இழுத்தால் தலையில் கல் விழும். வீரகேது வாளை உருவிக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். பவளமதி ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்து, சரியானதை இழுப்பாள். நாளெல்லாம் வயரோடு கிடக்கிற எங்களுக்கு அதைக் கேட்கக் கேட்க அலுக்காது.

ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து, மதியமே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் அவரவர் வீட்டில் அந்தத் தொடரை முதல் முறையாகப் பார்த்தோம். பவளமதி மாடத்தில் நின்று அழுதாள். வீரகேது வந்ததும் சிரித்தாள். அவ்வளவுதான். பூதத்தை ஏமாற்றியது, கதவைத் திறந்தது எல்லாம் அவனே.

லீவு முடிந்து வந்ததும் கேன்டீனில் முனிலட்சுமி பிடித்துக்கொண்டாள். வேப்பனப்பள்ளிக்காரி, வீட்டில் தெலுங்கு, மனதில் பட்டதை உடைத்துச் சொல்லிவிடுவாள்.

“ஏமே பூங்கொடி, இத்தன மாசமா எங்க காதுல பூ சுத்துனியா? அந்தப் பொண்ணு ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போடல.”

“ஆமாக்கா, சுத்துனேன்” என்றாள் பூங்கொடி. “அவன் வந்தா சிரிக்கிறா, போனா அழுகுறா. அவன் இல்லாத நேரத்துல அவ என்னத்தத்தேன் செய்வா? அத ஒருநாளும் காட்டல. அதேன் நானே சொன்னேன்.”

“கதைக்கு அவ்ளோ போதும்மே. இளவரசன்னு இருந்தா அவனுக்கு ஒரு பொண்ணு வேணும், அதுக்குத்தான் வச்சிருக்காங்க. நீ எதுக்கு அவள இழுத்துட்டு வந்து வேல வாங்கற?”

“எனக்கு இவ சொல்ற பவளமதிதான் புடிச்சிருக்கு” என்றேன் நான். முனிலட்சுமி என்னை முறைத்தாள்.

அப்போது சூப்பர்வைசர் அசோக்குமார் எங்கள் மேசைக்கு வந்தார்.

“லீடருக்கு உன் பேரத்தாம்மா நெனச்சிருந்தேன். ஆனந்தக் கேட்டேன். கல்யாணம் ஆனா நீ வேலைய விட்டு நின்னுடுவேன்னு சொன்னான். அதான் பக்கத்து லைன் சத்யப்ரியாவுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

ஏதோ நல்ல சேதி சொன்னவர் போலச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூங்கொடி பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிலட்சுமிதான் மெதுவாகக் கேட்டாள்.

“இப்ப என்ன பண்ணுவா உன் பவளமதி?”

பூங்கொடி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அவர் பின்னால் போனாள்.

“சார், நான் நிக்க மாட்டேன். என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவர் திரும்பி, ஆனந்த் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைப் பக்கம் பார்த்தார்.

“அங்கிட்டு எதுக்கு சார் பாக்குறீங்க? லைன்ல நிக்கப்போறது நான்.”

கேன்டீனே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவரால் வேறு பெயர் சொல்ல முடியவில்லை. “சரிம்மா, நீயே பாரு” என்றார்.

சாயங்காலம் நாங்கள் வெளியே வரும்போது ஆனந்த் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியோடு நின்றான்.

“எல்லார் முன்னாடியும் இப்பிடிப் பண்ணிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

“நீங்களும் எங்கிட்ட கேட்டிருக்கலாம் மச்சான். நான் வேலைய விடமாட்டேன். அதுக்குச் சரின்னா தை மாசம் கல்யாணம். இல்லேன்னா வேணாம்.”

அவனை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நாள் இருவருக்கும் பேச்சில்லை. அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, கதையும் சொல்லவில்லை. ஆனால் புது லைனை ஒரு குறையுமில்லாமல் நடத்தினாள். பிறகு, வேலையை விட வேண்டாம் என்று அவனே இறங்கி வந்தான். தையில் கல்யாணம் முடிந்து, லீவும் தீர்ந்த காலையில், கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு லைனில் வந்து நின்றாள். கல்யாணம் நின்றுபோயிருந்தாலும் அன்றைக்கு வந்துதான் நின்றிருப்பாள்.