அசல் படம் கேட்டு ஒரு மனு

பள்ளி அலுவலகத்துக்கு வந்த குறுஞ்செய்தியை முதல்வர் என்னிடம் காட்டியபோது சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வேனின் நம்பர். போன வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பது. இடம் பெரம்பலூர் பாலக்கரை. வண்டி ஓட்டும்போது கைபேசியில் பேசிய குற்றம். கடைசி வரியில் அபராதம்.

அந்த வேனை ஓட்டுவது நான். ஐந்து வருடமாக அரியலூரில் கிளம்பி, வழியில் உள்ள ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பெரம்பலூரைத் தாண்டித் துறையூர் ரோட்டில் இருக்கும் பள்ளியில் இறக்குகிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் வரும் சாலை அது. ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்லை. வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஃபோன் பேசிக்கொண்டு ஓட்டியது உறுதியானால் அதற்கு மேல் வண்டியைத் தொடக்கூடாது என்பது அதில் மூன்றாவது வரி.

“மேடம், நான் ஃபோன் பேசலைங்க. ஃபோன் பையில இருந்துச்சு.”

“பேசாமலா படம் புடிச்சுப் போட்டிருக்காங்க?” முதல்வர் கோபமாகக் கேட்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு அந்த வியாழக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. கடைவாய்ப் பல் வலி முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. காலையில் தாடை வீங்கி, காது வரை குத்தியது. லீவு சொல்ல நேரமில்லை. பதிலுக்கு வர டிரைவரும் இல்லை. சிவப்புத் துண்டு ஒன்றை ஐஸ் தண்ணீரில் நனைத்து மடித்து எடுத்துக்கொண்டேன். வண்டி மெதுவாகும் இடங்களிலெல்லாம் அதைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டேன். பாலக்கரை ரவுண்டானாவில் வண்டிகள் ஊர்ந்தன. அங்கேயும் அழுத்தியிருப்பேன்.

இதை முதல்வரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, “கேஸ் முடியிற வரைக்கும் வெளியிலேருந்து தற்காலிகமா ஒரு டிரைவர் ஓட்டட்டும். நீங்க அதே வேன்ல ஆயாவா வாங்க” என்றார்.

மறுநாளிலிருந்து என் வேனில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பிள்ளைகள், “நீங்க ஏன் ஓட்டலை?” என்று கேட்டார்கள். ஏற்கெனவே ஆயாவாக வந்துகொண்டிருந்த அக்கா பக்கத்தில் இருந்தார். அவரிடம் சாட்சி சொல்ல வருகிறீர்களா என்று கேட்டேன். “நான் கடைசி சீட்டுல சின்னப் புள்ளைய மடியில வச்சிருந்தேன். ஒன்னையும் பாக்கலம்மா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் திரும்பல் எனக்கு உறுத்தியது.

வீட்டில் நடந்ததுதான் பெரிது. என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாதவர். விஷயத்தைச் சொன்னதும், “கட்டிட்டு முடிச்சிடு. கோர்ட்டு வாசலெல்லாம் நமக்கு வேணாம்” என்றார்.

“கட்டுனா பேசுனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிங்க. வண்டி போயிடும்.”

“பேசலைல்ல?”

“பேசலைன்னு சொன்னேனே.”

அவர் என் ஃபோனை வாங்கி அந்த வியாழக்கிழமைக்குப் போய்ப் பார்த்தார். ஏழரைக்கு ஒரு பிள்ளையின் அம்மா கூப்பிட்டிருந்தார், நான் கிளம்புவதற்கு முன்னால். அதற்கப்புறம் பதினோரு மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அழிச்சிருக்கலாம்ல” என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். யாரிடம் பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் வீடு முழுக்க இருந்தது. பதினெட்டு வருடம் ஒன்றாக இருந்த மனிதர். அன்றைக்கு என் தட்டில் சோறு அப்படியே ஆறியது.

வேன் பள்ளியின் பெயரில் இருந்ததால், அன்று ஓட்டியது நான் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். அபராதம் கட்டாததால் சில வாரம் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. பெரம்பலூரில் கோர்ட். முதல் தடவை தனியாகத்தான் போனேன். வராந்தா நிறைய ஆட்கள், ஹெல்மெட் போடாதவர்கள், மூன்று பேராகப் போனவர்கள், லைசென்ஸ் இல்லாதவர்கள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போவார்கள். “ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்கும் முன்பே தலையாட்டிவிட்டு, பணம் கட்டும் இடத்துக்கு ஓடுவார்கள். ஒரு ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, “ஒத்துக்கங்க. பஸ்ஸப் புடிச்சு வூட்டுக்குப் போயிடலாம்” என்றார்.

நீதிபதி என்னைவிட வயதில் சின்னவர், பெண். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?”

“இல்லைங்கம்மா.”

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரும் பேனாவை நிறுத்தினார்.

“இல்லைன்னா விசாரணை நடக்கும். நீங்க பல தடவை வரவேண்டியிருக்கும். தெரியுமா?”

“தெரியுங்கம்மா. அதுக்கு முன்னாடி எனக்கு அந்தப் படம் வேணும். நான் இன்னும் பாக்கவே இல்லைங்க.”

“மனுவா எழுதிக் குடுங்க.”

வெளியே மரத்தடியில் தட்டச்சு செய்து தரும் ஒருவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கினேன். என் மேல் உள்ள வழக்குக்கு ஆதாரமான படத்தின் நகல் விசாரணைக்கு முன் எனக்குத் தரப்பட வேண்டும். மூன்றே வரி. கையெழுத்துப் போடும்போது என் பெயரின் கடைசி எழுத்து கோணலாக விழுந்தது.

அடுத்த வாய்தாவில் ஒரு தாள் கிடைத்தது. வராந்தாவில் நின்று பார்த்தேன். ஜெராக்ஸ். கண்ணாடிக்கு உள்ளே நான். வலது கை ஸ்டியரிங்கில். இடது கை கன்னத்தில், காதுக்குக் கீழே. விரல்களுக்கு நடுவில் கறுப்பாக, நீள்சதுரமாக ஒன்று. யார் பார்த்தாலும் ஃபோன் என்றுதான் சொல்வார்கள். நானே சொல்லியிருப்பேன். ஒரு வினாடி, நிஜமாகவே பேசினேனோ, மறந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

வேண்டுமென்றே அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மறைத்தால் இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் நான் அதை மறுபடி எடுத்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கறுப்பு மாறவில்லை. கண் வலித்து, வேறு இடத்தைப் பார்த்தபோதுதான் என் தோள் தெரிந்தது. வியாழக்கிழமைகளில் எங்களுக்குச் சிவப்புச் சேலை, பள்ளி வைத்த சீருடை. படத்தில் சேலையும் கறுப்பாக இருந்தது. துண்டு எவ்வளவு கறுப்போ அதே கறுப்பு. நெற்றியில் பொட்டும் கறுப்பு. ஜெராக்ஸ் மெஷின் சிவப்பையெல்லாம் கறுப்பாக்கிவிட்டது.

எழுந்து நின்றேன். உட்கார முடியவில்லை. படம் பொய் சொல்லவில்லை, நகல்தான் பொய் சொல்கிறது. ஆனால் அசலில் என்ன தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அசலிலும் நிழல் விழுந்து கறுப்பாகவே இருந்தால்? அப்போது நானே கேட்டு வாங்கி என் தலையில் போட்டுக்கொண்டது போல ஆகிவிடும்.

இருந்தும் இரண்டாவது மனு கொடுத்தேன். நகல் வேண்டாம், படம் பிடித்த கருவியில் உள்ள அசல் படத்தை, வண்ணத்தில், கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று. அதை வாங்கிக்கொண்ட ஊழியர், “ஏம்மா, இதுக்குப் போயி ரெண்டு மனுவா?” என்றார். முத்திரை குத்தித் தரும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

விசாரணை அன்று என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். கூப்பிடாமலே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னோடு நிற்க வந்தாரா, உண்மையைத் தெரிந்துகொள்ள வந்தாரா என்று எனக்குப் புரியவில்லை.

படம் பிடித்த போக்குவரத்துப் போலீஸ் எஸ்.எஸ்.ஐ. வந்திருந்தார். ஓய்வு பெறும் வயது, சோர்ந்த முகம். அவருடைய கருவியிலிருந்து படத்தை எடுத்து கோர்ட் கம்ப்யூட்டரில் போட்டார்கள். திரை நீதிபதியின் பக்கம் திரும்பியிருந்தது. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நின்றார். எனக்கும் திரை தெரியவில்லை, நீதிபதியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

“நீங்க வந்து பாருங்க” என்று எஸ்.எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“துணி மாதிரிதாங்கம்மா இருக்கு. முனை கீழ தொங்குது.”

“ஃபோன் மாதிரி கெட்டியான பொருளா, துணியா?”

“துணிதாங்கம்மா. தண்ணி சொட்டி ஜாக்கெட் கையெல்லாம் நனைஞ்சிருக்கு. தூரத்துலேருந்து எனக்கு ஃபோனுன்னுதான் பட்டுச்சு.”

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பல் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டினேன். அடுத்த திங்கட்கிழமை பல்லைப் பிடுங்கியதாக அதில் எழுதியிருந்தது. நீதிபதி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை நான் எதிர்பார்த்தது இல்லை.

“ரவுண்டானாவுல ஒரு கையால ஓட்டிட்டு வந்தீங்களா?”

“ஆமாங்கம்மா.”

“வண்டியில எத்தனை பிள்ளைங்க?”

“பதினேழு.”

“அவ்வளவு வலியோட?”

எனக்கு மாற்றாக ஓட்ட ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

“வழக்கு ஃபோன் பேசினதுக்கு. அது நிரூபணம் ஆகலை. நீங்க போகலாம்” என்றார். எழுதத் தொடங்கிவிட்டு, தலை நிமிராமல், “அடுத்த தடவை வலிச்சா லீவு போடுங்க” என்றார்.

வெளியே வந்ததும் எஸ்.எஸ்.ஐ. பக்கத்தில் வந்து நின்றார். “மனசுல வச்சுக்காதம்மா” என்றார். நான், “இல்லைங்க” என்றேன். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ரவுண்டானாவில் வெயிலில் நின்று அன்றைக்கு எத்தனை வண்டிகளைப் பார்த்திருப்பார்.

தீர்ப்பின் நகலை முதல்வர் இரண்டு தடவை படித்தார். வேன் சாவியை மேசை மேல் வைத்தார். நான் அதை உடனே எடுக்கவில்லை. அவ்வளவு வலியோடு பிள்ளைகளை வைத்து ஓட்டினீர்களா என்று நீதிபதி கேட்டதைச் சொன்னேன். மறைத்திருக்கலாம், தாளில் அது இல்லை. ஆயாவாக நான் வந்தபோது ஓட்டிய டிரைவரை அனுப்பிவிடாமல், எங்கள் நாலு வேனுக்கும் மாற்று ஆளாக வைத்துக்கொள்ள நிர்வாகத்திடம் பேசுவதாக முதல்வர் சொன்னார். பேசினார், அடுத்த மாதமே அது நடந்தது. ஒரு பெற்றோர் மட்டும் பயந்து தங்கள் பிள்ளையை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதல்வர் எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. அதிலும் எனக்கு வாதாட ஒன்றும் இல்லை.

தீர்ப்பு வந்து நாலைந்து நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், “அன்னைக்கு அழிச்சிருக்கலாம்னு சொன்னேன்ல. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

“அசல் படம் வரலைன்னா என்ன நெனச்சிருப்பீங்க?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். “தெரியல” என்றார்.

பொய் சொல்லாமல் அந்த ஒன்றைச் சொன்னதால், இத்தனை நாளாக அவரே எடுத்துப்போன டிபன் பாக்ஸை அன்று நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.