மூன்று பேரலும் ஒரு புஷ்ஷும்

என் தம்பி எமில் கோவாலிக்கைப் பற்றி எங்கள் துப்பாக்கி கிளப்பில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். அவன் செய்த பொருளில் இடைவெளி இருக்காது. ஆற்றங்கரை மில் மூடும்வரை அங்கே லேத்தில் எஃகு உருளை கடைந்தவன். கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டால்கூட நடுவே ஒரு தலைமுடி நுழையாது. என் சமையலறை டிராயர் ஆடுகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சரிசெய்து கொடுத்தான். அன்றிலிருந்து மழை பெய்தால் அதைத் திறக்க நான் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுக்கவேண்டியிருக்கிறது. கேட்டால், "லூசா இருந்தா அது வேலையே இல்ல ரோஸ்" என்பான்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவன் லூயி, நடுவில் நான், கடைக்குட்டி எமில். அப்பாவுக்கு அறுபது தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் சூப் வாய்க்குப் போகாமல் சட்டைக்குப் போயிற்று. அடுத்து லூயிக்கு வந்தது. இப்போது மேட்டுத்தெரு முதியோர் இல்லத்தில் இருக்கிறான். கையோடு தாடையும் ஆடுகிறது, கப்பைப் பிடிக்க முடியாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு நாக்கு மட்டும்தான் ஆடும் என்று கிளப்பில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எமிலுக்கு அறுபத்துநான்கு. வியாழன்தோறும் கிளப்பில் பிஸ்டல் போட்டி. எங்கள் போட்டியில் ஒரே கையால்தான் சுடவேண்டும். மற்றக் கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டத்தைத் துளைக்கவேண்டும். இதில் எமில் வருஷக்கணக்காக முதல் மூன்று பேருக்குள் இருந்தவன். போன இலையுதிர் காலத்தில் அவனுடைய துளைகள் சிதற ஆரம்பித்தன. முதலில் வட்டத்துக்குள் சிதறின. பிறகு வட்டத்தையே விட்டுப் போயின.

"பேரல் தேஞ்சுபோச்சு" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். குண்டு பாயும் அந்தக் குழல் பழசு, சுட்ட குண்டுக்குக் கணக்கில்லை. தேய்ந்திருக்கலாம்.

பேரல் தேர்ந்தெடுப்பது என்றால் எங்கள் ஊரில் பெண் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம். எமில் வீட்டு பேஸ்மென்ட்டில் லேத் இருக்கிறது, லேத்துக்குப் பக்கத்தில் சுவர் இல்லாத கக்கூஸ் இருக்கிறது. மில் அழுக்கோடு வருபவர்கள் மேலே ஏறாமலிருக்க, மில்காரர் வீடுகளில் எல்லாம் அப்படித்தான். குளிர்காலம் முழுக்க அதில் உட்கார்ந்து கேட்டலாக் படித்தான். முதலில் வாங்கியது, போட்டவுடன் உட்கார்ந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் பேரல். ராவவேண்டாம், தேய்க்கவேண்டாம், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது.

கிளப்பில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் கர்ட் ஷாஃபர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தற பேரல் எந்தத் துப்பாக்கிக்கும் சரியாப் பொருந்தாதுடா எமில். ரெடிமேட் கோட்டு மாதிரி. தோள் சரியா இருந்தா வயிறு இடிக்கும்."

அதிலும் துளைகள் சிதறின. இரண்டாவதாக, வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகச் செய்து விற்கும் பேரல் ஒன்றை வாங்கினான். அதை அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்ப ராவித்தான் உட்காரவைக்கவேண்டும். மார்க்கர் மையைத் தடவி மாட்டி, எங்கே மை அழிகிறதோ அங்கே ஒரே ஒரு இழுப்பு அரம், மறுபடி மை, மறுபடி மாட்டல். ஒரு இழுப்பு அதிகம் போனால் பேரல் குப்பைக்குத்தான். இந்த வேலையில் எமிலை அடிக்க ஆளில்லை. பூட்டி அசைத்துக் காட்டினான். ஒரே இரும்பு போல இருந்தது. வியாழக்கிழமை போய்ச் சுட்டான். தட்டைப் போட்டு உடைத்ததுபோல் துளைகள். மூன்றாவதாக, உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் திருகுவரி வேறு மாதிரி ஓடும் பேரல் ஒன்றை வேறு கம்பெனியிடம் வாங்கினான். அதையும் அப்படியே உட்காரவைத்தான். பலனும் அப்படியே.

அந்தச் சமயத்தில்தான் அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்கு வந்தவன், "நீயே ஊத்திக் குடேன்" என்று காப்பிக் கெட்டிலை என் பக்கம் தள்ளினான். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு லூயியைப் பார்க்க ஒருதடவைகூட வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு ஞாயிறு சளி, ஒரு ஞாயிறு பனி, ஒரு ஞாயிறு காரில் கோளாறு.

"டாக்டரப் போய்ப் பாரு" என்றேன்.

"பேரலுக்கு எதுக்கு டாக்டர்?"

"நான் பேரலச் சொல்லல."

கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் மேல் வந்த கோபத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது.

கிளப் மைதானத்தில் சிமென்ட் தூணில் பொருத்திய ஒரு மெஷின் உண்டு. நாங்கள் அதை இரும்புக் கை என்போம். பிஸ்டலை அதில் பூட்டிச் சுட்டால் மனிதக் கைக்கு அங்கே வேலையே இல்லை. துளைகள் சிதறினால் குற்றம் துப்பாக்கியுடையது. ஒன்றாய் விழுந்தால் குற்றம் ஆளுடையது. கர்ட் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தான். எமில் அசையவில்லை. "என் பிஸ்டல அந்த மெஷின் வாயில குடுக்க மாட்டேன், கீறல் விழும்" என்றான். கர்ட் அதை நம்பினான். மெஷின் நல்லபடியாகச் சுட்டுவிட்டால் அடுத்து என்ன அர்த்தம் என்பது எமிலுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது, கிளப்பில் மீன் பொரிப்பது என் பொறுப்பு. எமில் தட்டோடு வரிசையில் நின்றான். நான் மீனைக் கரண்டியில் எடுத்தேன், அவன் தட்டுக்கு மேல் கொண்டுபோனேன், அப்படியே அடுத்த ஆள் தட்டில் போட்டேன்.

"என்ன இது?"

"இரும்புக் கைல சுட்டுட்டு வா. மீன் தரேன்."

"ரோஸ், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பியரோகிக் கொழுக்கட்டையும் கிடையாது. கோஸ் நூடுல்ஸ் வேணா எடுத்துக்க, நேத்து மிஞ்சினது."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. குனிந்து என் காதருகே, "அது நல்லாச் சுட்டுட்டா என்ன பண்றது ரோஸ்?" என்றான்.

"நான் இருக்கேன்ல" என்றேன். வேறு என்ன சொல்வது.

மறுநாள் காலை எமிலும் கர்ட்டும் நானும் மைதானத்துக்குப் போனோம். கர்ட் பிஸ்டலின் கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றி இரும்புக் கையில் பூட்டினான். பத்துக் குண்டு. எமில் காதடைப்பை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். சுட்டு முடிந்து நாங்கள் நடந்துபோய்ப் பார்த்தபோது கர்ட்டின் முகம் வாடிவிட்டது. துளைகள் மேலும் கீழுமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன.

"மன்னிச்சுக்க எமில். ரொம்ப மோசம்" என்றான்.

எமில் காகிதத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கர்ட்டின் வழுக்கைத் தலையை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் வைத்தான். "இவ்ளோ கேவலமான டார்கெட்ட நான் பாத்ததே இல்ல" என்று மறுபடி மறுபடி சொன்னான். கர்ட் என்னைப் பார்த்தான், இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல.

சரி, துப்பாக்கியில்தான் கோளாறு. எதில்? கழற்றி மேசையில் பரப்பினார்கள். எமிலின் பெட்டியில் பழைய பேரலும் அதற்கப்புறம் மாற்றிய இரண்டும் கிடந்தன. எனக்குக் கை சும்மா இருக்காது. எண்ணெயைத் துடைத்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். நான்கிலும் வாய்ப்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, ஒரே இடத்தில் பளபளவென்று தேய்ந்த தடம்.

"மாத்தி மாத்தி ஷூ வாங்கறோம், எல்லாத்துலயும் அதே இடம் தேயுது. ஷூ மேல என்ன தப்பு?" என்றேன்.

கர்ட் நிமிர்ந்து பார்த்தான். பிஸ்டலின் முன்வாயில் பேரலைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன வளையம் ஒன்று உண்டு, புஷ் என்போம். அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். "இது கம்பெனியில வந்தது இல்லையே. யாரு செஞ்சது?"

எமில் எண்ணெய்த் துணியை எடுத்து, நான் துடைத்து வைத்த பேரலையே மறுபடி துடைத்தான். அதிலேயே தெரிந்துவிட்டது. போன கோடையில், பழைய புஷ் லொடலொடக்கிறது என்று, அவனே லேத்தில் கடைந்து போட்டது. தலைமுடி நுழையாது.

"சுடும்போது பேரல் பின்னால கொஞ்சம் தாழும், மறுபடி எழும்பும்" என்றான் கர்ட் மெதுவாக. "நீ முன்னால கழுத்தப் புடிச்சு நெரிச்சு வெச்சிருக்க. தாழ முடியாம அது வளையுது. திரும்ப வந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல உக்காருது. பேரல மூணு தடவ மாத்தினியே, இத ஒரு தடவ மாத்திப் பாத்தியா?"

மாற்றியிருக்க மாட்டான். என் தம்பியை எனக்குத் தெரியும். தன் கை நடுங்குகிறது என்று மாதக்கணக்காக நம்பினான், தூங்காமல் கிடந்தான். ஆனால் அந்தக் கை கடைந்த வளையத்தில் தப்பு இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மடையன்.

கர்ட் தன் டப்பாவைக் கிளறி ஒரு சாதாரண புஷ்ஷை எடுத்தான், அளவுக்குக் கொஞ்சம் ராவி, பேரல் அசைய இடம் விட்டு மாட்டினான். இரும்புக் கை மறுபடி பத்துக் குண்டு சுட்டது. இந்தமுறை எல்லாத் துளைகளையும் காப்பிக் கப்பின் வாயால் மூடிவிடலாம்.

யாரும் சந்தோஷப்படவில்லை. கர்ட்கூட என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். துப்பாக்கி தேறிவிட்டது. இனி மிச்சமிருப்பது கை.

"காத்தடிக்குது. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றான் எமில்.

"காத்தா? கம்பத்துல கொடிகூட ஆடல. சுடு."

கர்ட் கைப்பிடிக் கட்டைகளை மாட்டிக் கொடுத்தான். எமில் இடது கையைப் பாக்கெட்டில் விட்டான், வலது கையை நீட்டினான். நான் டார்கெட்டைப் பார்க்கவில்லை, அவன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியது, எல்லோருக்கும் ஆடும் அளவுக்கு. பிறகு நின்றது. வெடித்தது. பத்து முறையும் அப்படித்தான்.

ஒன்பது துளைகள் கறுப்புக்குள், பாதிக்கு மேல் நடுவில். ஒன்று மட்டும் தனியாக இடது ஓரத்தில்.

"அது துப்பாக்கியோட தப்பு இல்ல" என்றான் கர்ட். "அது எப்பவும் நீ பண்றது. கடைசிக் குண்டுல அவசரப்படுவ."

நான் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி. எமில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இனிமே மீன் உண்டா?" என்று கேட்டான். அடுத்த வாரம் அவனாகவே டாக்டரிடம் போனான். அவர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், வட்டம் வரையச் சொன்னார், வீட்டுக்குப் போகச் சொன்னார். இரும்புக் கை முதலில் சுட்ட அந்தக் கேவலமான டார்கெட் இன்றும் அவன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. என் டிராயர் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஈஸ்டர் அன்று ஹாமும், இனிப்பு ரொட்டியும், பீட்ரூட் போட்டு அரைத்த முள்ளங்கியும் கூடையில் எடுத்துக்கொண்டு இருவரும் லூயியைப் பார்க்கப் போனோம். எமில் வாசலிலேயே நின்றான். லூயி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா, உனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சியா?"

எமில் தலை குனிந்தான். "ஆமா."

"வந்துச்சா?"

"இல்ல. புஷ் டைட்டா இருந்துச்சு."

லூயி சிரித்ததில் தாடை இன்னும் வேகமாக ஆடியது. "அப்பாவுக்கு வந்தப்ப நானும் ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் போகல. என் கைய நானே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பா ஏன்னு கேக்கல. நானும் கேக்கல பாரு. வா, காப்பி ஆறுது."

எமில் போய் அவன் எதிரே உட்கார்ந்தான். கப்பை எடுத்து, அந்த வலது கையால், லூயியின் வாயருகே நீட்டினான். கை பாறைபோல் நின்றது. லூயியின் தாடை ஆட ஆட, கப்பு பல்லில் இடித்தது, காப்பி கழுத்தில் வழிந்தது.

"இவ்ளோ இறுக்கிப் புடிச்சா நான் எப்படிடா குடிக்கறது" என்றான் லூயி. "கொஞ்சம் லூசா விடு. என் கூட வா."

எமில் பிடியைத் தளர்த்தினான். கப்பு லூயியோடு சேர்ந்து லேசாக ஆடியது. அவன் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தான்.