பெரியவரைத் தொடக்கூடாது

முகம் கழுவுவதற்கு முன்பே மீட்டரின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேட்டரியின் தலையில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பன்னெண்டு ஆறு" என்கிறார் படகுக்காரர். ஆற்றைக் கடக்க வருகிற யாரும் அதை மணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் மனைவி ஒருநாள் மணி கேட்டு, "பன்னெண்டு நாலு" என்ற பதிலை நம்பி மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துவிட்டார். அப்போது மணி பத்தரை. இவரும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாராம்.

எந்நேரமும் பேட்டரியின் வோல்ட் கணக்கையே சொல்லிக்கொண்டிருப்பதால் துறையில் அவருக்கு வோல்டேஜ் என்றே பெயர். படகின் பின்பலகைக்கு அடியில் இரண்டு பேட்டரிகள். எஞ்சினைக் கிளப்புவது பெரியவர். வயதும் கொஞ்சம் ஆகிவிட்டது. விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சின்னவர். சின்னவரிடமிருந்து இன்வெர்ட்டருக்கு ஒரு வயர், அங்கிருந்து பழைய லேப்டாப்புக்கு ஒன்று. லேப்டாப்பின் சொந்த பேட்டரி செத்து மூன்று வருடமாகிறது. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும்.

"சின்னவர்கிட்ட எவ்வளவு வேணா கேளுங்க. பெரியவர மட்டும் தொடாதீங்க. நடு ஆத்துல அவருதான் நமக்குத் தாய் தகப்பன்" என்பது ஏறுகிற எல்லாருக்கும் அவர் சொல்லும் பாடம். அவர் மச்சான் ஒருமுறை பெரியவரிடம் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டார். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பாவம், அந்த மனிதர் ஏழு மைல் தள்ளியிருக்கிற பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

இத்தனை கட்டுக்காவலோடு கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடியதில் சின்னவர் எவ்வளவு இறங்கினார் என்று தினமும் அதிலேயே எழுதி வைக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை, பல் பிடுங்க அக்கரைக்குக் கிளம்பிய என்னை நடு ஆற்றில் நிறுத்திவிட்டார். கூடவே ஏறிய அவர் மகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக வேலைக்கு நேர்காணல். வீட்டில் சிக்னல் பாதியில் அறுந்து ஏற்கெனவே இரண்டு வேலை கைநழுவிப் போனது. நடு ஆற்றில் அறுவதில்லை. "அரை மணி நேரந்தான். வாயத் திறக்காம உக்காருங்க" என்றார். பல்வலிக்காரனுக்கு அது பெரிய சிரமமில்லை. நங்கூரத்தை இறக்கி எஞ்சினை அணைத்தார்.

அரை மணி முக்கால் மணியானது. கேட்பவர்கள் விடுவதாக இல்லை. திடீரென்று இன்வெர்ட்டர் கீச்சிட்டது. சின்னவர் போகப்போகிறார் என்று அதற்கு அர்த்தம். அது என்ன சத்தம் என்று திரையில் ஒருவர் கேட்க, மகள் கண்ணைக்கூட இமைக்காமல், பக்கத்து வீட்டில் குருவி வளர்க்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

எஞ்சினைப் போட்டால் சார்ஜ் ஏறும். ஆனால் அந்த இரைச்சலில் எந்த வேலையும் தலைதெறிக்க ஓடிவிடும். வோல்டேஜ் குனிந்து மீட்டரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் பெரியவரைப் பார்த்தார். எனக்குப் பல்வலியே மறந்துபோனது. தடித்த வயர் இரண்டை எடுத்து, பெரியவரையும் சின்னவரையும் சேர்த்துப் பூட்டினார். கீச்சொலி நின்றது. மச்சான் பார்த்திருக்க வேண்டும்!

அதன் பிறகும் ஒரு மணி நேரம் ஓடியது. மகள் லேப்டாப்பை மூடினாள்.

"ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்கப்பா."

அவர் தலையாட்டினார். நங்கூரத்தை இழுத்துப் போட்டுவிட்டு எஞ்சின் சாவியைத் திருப்பினார். டக் என்றது. இன்னொரு முறை திருப்பினார். அதே டக்.

மீட்டர் காலடியிலேயே கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை. குனிந்து, சிலந்தி வலை படிந்த துடுப்புகள் இரண்டைப் பலகைக்கு அடியிலிருந்து உருவினார். ஒன்றைச் சட்டை முனையால் பிடிவரை துடைத்து, என்னிடம் நீட்டினார்.